டின் பீன்ஸும் வறுத்த கடலையும் என் அண்ணனும்

1

என் மகள் பவித்ரா சாப்பாட்டு மேசையில் ஒரு டின் பச்சை பீன்ஸையும் ஒரு பாக்கெட் வறுத்த கொண்டைக்கடலையையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிட்டு, அவற்றுக்கு முன்னால் லேப்டாப்பைத் திறந்துகொண்டு உட்கார்ந்தாள். இங்கே கனடாவில் கல்லூரியில் உணவியல் படிக்கிறாள். கோடை வகுப்பில் ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார்கள். வீட்டில் புழங்கும் இரண்டு உணவுகளை எடுத்துக்கொண்டு சத்தை ஒப்பிட வேண்டும். எங்கள் வீட்டில் தினமும் எதை வைத்துச் சண்டை நடக்கிறதோ அதையே எடுத்துக்கொண்டாள். டின்னைத் திறந்து அப்படியே தின்கிறவள் அவள். கடலையைக் கொறித்துக்கொண்டே அவளைத் திட்டுகிறவள் நான்.

“ஏட்டி, இதுக்கு ஒரு கட்டுரையா? டின்னுக்குள்ள இருக்கது செத்த காய். கடலைதான் சத்து. ஒத்த வரியில எழுதி முடிச்சிட்டு வந்து பாத்திரத்தக் கழுவு” என்றேன்.

“அது உன் ஒப்பீனியன்மா. எனக்கு நம்பர் வேணும்.”

டின்னின் முதுகையும் பாக்கெட்டின் முதுகையும் திருப்பித் திருப்பி வாசித்தாள். புரதத்தில் கடலை, டின் பீன்ஸை எங்கோ பின்னால் விட்டுவிட்டது. நார்ச்சத்திலும் கடலைதான். இரும்பிலும் கடலைதான். அவள் வாசிக்க வாசிக்க, ஓட்டு எண்ணிக்கையில் நம்ம கட்சி முன்னால் போவதைப் போல எனக்குத் தலைகால் புரியவில்லை. டின்னில் உப்பு அதிகம் என்று வந்தபோது கையையே தட்டிவிட்டேன்.

“ரொம்ப ஆடாதம்மா” என்றாள். “டின்ல இருக்கிற தண்ணிய வடிச்சிட்டு, காய நல்லா கழுவினா உப்பு நிறைய போயிடும். இது ஒண்ணும் செத்த காய் இல்ல. விட்டமின் சி கொஞ்சம் போகும், மத்தது இருக்கு. அப்புறம் இங்க பாரு. கடலைல பொட்டாசியம் எவ்ளோ இருக்கு! கிட்னி வீக்கா இருக்கிறவங்களுக்கு இது டேஞ்சர். அவங்களுக்கு இந்த டின் பீன்ஸே பெட்டர்.”

நான் மத்தியானச் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தேன். மூடி டப்பாவில் உட்கார மாட்டேன் என்றது.

“யாரு சொன்னா?”

“எல்லாரும் சொல்றாங்க. பேசிக்மா இது.”

சமையலறைக் காலண்டரில் அந்த வாரத்து வியாழக்கிழமையை நான் ஏற்கெனவே வட்டம் போட்டு வைத்திருந்தேன். தென்காசியில் என் அண்ணனின் முதல் வருஷத் திதி. அண்ணன் கிட்னி வியாதியில் போனவர். அவரைக் கடலை தின்னச் சொன்னவள் நான்.

2

என்னைப் பற்றி ஒரு பொய் தென்காசியில் பத்தொன்பது வருஷமாக உலவுகிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு இசக்கியம்மாள் என்று பெயர். இங்கே அதை யாராலும் முழுசாகச் சொல்ல முடியவில்லை. வேலையிடத்தில் நான் ‘எஸ்ஸி’. வந்த ஆறாவது மாதம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. சந்தோஷத்தில் ஊருக்கு போன் போட்டு, “அண்ணே, எனக்கு ஆஸ்பத்திரியில வேலை கெடைச்சிட்டு” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அண்ணன் அதை நர்சு வேலை என்று தெருவெல்லாம் சொல்லி, தெரு அதை ஊரெல்லாம் சொல்லி, அடுத்த தடவை நான் போனபோது ஆய்க்குடியிலிருந்து தூரத்துச் சித்தப்பா ஒருவர் எக்ஸ்ரே கவரோடு வந்து வாசலில் நிற்கிறார்.

நான் வேலை பார்ப்பது ஆஸ்பத்திரியின் அடுக்களையில். காலை ஏழு மணிக்குத் தலையில் வலைத்தொப்பி மாட்டினால் மூன்றரை மணிவரை டின் உடைப்பேன், தட்டு அடுக்குவேன். பெரிய பெரிய டின்கள். பீன்ஸ், காரட், சோளம். மிஷினில் வைத்து அழுத்தினால் மூடி கழன்றுவிடும். அதைக் கொட்டி வடித்து, கழுவி, ஒவ்வொரு தட்டிலும் சீட்டில் எழுதியிருக்கிற பிரகாரம் ஒரு கரண்டி வைப்பேன். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. ஆனால் வெட்கப்பட்டேன். சித்தப்பாவிடமிருந்து எக்ஸ்ரேயை வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “நம்ம டாக்டர்ட்டயே காட்டுங்க, நல்ல டாக்டர்தான்” என்று பூசி மெழுகி அனுப்பினேன். எக்ஸ்ரேயைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன் என்று பிறகுதான் தெரிந்தது.

குடியேற்றத் தாள், வரித் தாள், வாடகைத் தாள் என்று எத்தனையோ நிரப்பியிருக்கிறேன். அவற்றிலெல்லாம் ‘உணவுப் பணியாளர்’ என்றுதான் எழுதியிருக்கிறேன். கனடா அரசாங்கத்திடம் சொன்ன உண்மையைக் கூடப்பிறந்தவரிடம் சொல்லவில்லை.

3

அண்ணன் போலீஸில் ஏட்டு. சீசன் வந்துவிட்டால் குற்றாலத்தில்தான் பந்தோபஸ்து. மெயினருவியில் கூட்டத்துக்கு நடுவே நின்று விசில் ஊதுவார். அருவியில் தலையைக் கொடுத்துவிட்டு வெளியே வர மனசில்லாமல் நிற்கிறவர்களை, “ஏலே, எண்ணெ போயிட்டு, தோலும் போவணுமா? வெளிய வாலே” என்று கூப்பிடுவார். தண்ணீர் பாதுகாப்பு வளைவான ஆர்ச்சைத் தாண்டி விழ ஆரம்பித்தால் கயிற்றைக் கட்டி வழியை மறித்துவிட்டு, கெஞ்சுகிற ஆட்களிடம் மத்தியானம் முழுக்கச் சண்டை போடுவார். சாரலில் நனைந்து நனைந்து காக்கிச் சட்டை உடம்பிலேயே காயும்.

வேலை முடிந்ததும் அவருக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும். தள்ளுவண்டியில் சுடுமணலில் புரட்டி எடுத்த கொண்டைக்கடலை. பொட்டலத்தை முதலில் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் கொஞ்ச நேரம் சூடு பிடிப்பார். பிறகுதான் பிரிப்பார். வீட்டுக்கு வரும்போது சட்டைப்பையில் எங்களுக்கு மிச்சம் இருக்கும். ஈரச் சட்டையில் கிடந்து நமுத்துப்போயிருக்கும். நானும் அதைத்தான் தின்று வளர்ந்தேன். மொறுமொறுப்பான கடலையை நான் முதல்முதலாக ஒழுங்காகத் தின்றது, கல்யாணத்துக்குப் பிறகு என் வீட்டுக்காரரோடு குற்றாலத்துக்கே போய் நின்றபோதுதான்.

அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். என்னைப் படிக்கவைத்தது, கட்டிக்கொடுத்தது, விமானம் ஏற்றிவிட்டது எல்லாம் அண்ணன்தான். அப்படிப்பட்டவர் என்னிடம் கேட்டது ஒரே ஒரு யோசனை.

4

இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு நாள், இங்கே காலை ஆறரை, அங்கே சாயங்காலம் நாலு. பஸ்ஸில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அண்ணன் கூப்பிட்டார்.

“ஏட்டி, ஒண்ணுக்கில புரதம் போவுதுன்னு டெஸ்ட்ல வந்திருக்கு. கிட்னி கொஞ்சம் டல்லாம். கால் வீங்குது. டாக்டரு ஒரு டயட் சீட்டு குடுத்திருக்காரு, இங்கிலீஷ்ல இருக்கு. அத விடு. நீ ஆஸ்பத்திரியில இருக்கவ. நீ சொல்லு, நான் என்ன திங்க?”

அந்தச் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பஸ்ஸில் நின்றபடி, மெத்தப் படித்தவள்போல யோசித்தேன். ஒண்ணுக்கில் புரதம் போகிறது என்றால் உடம்பில் புரதம் குறைகிறது. குறைகிறதைத் தின்று ஈடுகட்ட வேண்டும். கறி வேண்டாம், அது கெடுதல். கடலை! எவ்வளவு எளிதாக இருந்தது! இவ்வளவுதான் வைத்தியமா என்று எனக்கே பெருமையாக இருந்தது.

“அண்ணே, போவுத புரதத்த நாமதான் திரும்பக் குடுக்கணும். தெனமும் ரெண்டு கை கொண்டக்கடலை திங்கணும். உப்புப் போடாம வறுத்தது. உப்பு மட்டும் கிட்னிக்கு ஆவாது, பாத்துக்கிடுங்க.”

உப்பைப் பற்றிச் சொன்னேன் பாருங்கள், அதில்தான் அவர் முழுசாக நம்பிவிட்டார்.

“ஏ செண்பகம், கேட்டியா?” என்று மதினியைக் கூப்பிடுவது போனில் கேட்டது. “கடலை திங்கணுமாம். உப்பில்லாம. தங்கச்சி சொல்லுதா.”

அதற்குப் பிறகு போனில் பேசும்போதெல்லாம் நானே கேட்பேன். கடலை தின்கிறீர்களா? இன்றைக்குத் தின்றாயிற்றா? மறந்துவிடவில்லையே? மறக்கவே இல்லை. மாத்திரையைக்கூட ஒன்றிரண்டு நாள் மறந்திருக்கிறார். கடலையை மறக்கவில்லை.

5

போன ஆடியில், சாரல் வெளுத்து வாங்கிய ஒரு மத்தியானத்தில், அண்ணன் மூச்சு வாங்குகிறது என்றார். தென்காசியில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அன்றைக்கே போய்விட்டார். ராணுவத்தில் இருக்கும் அவர் மகன் வடக்கேயிருந்து வந்து சேரும்வரை உடம்பை வைத்திருந்தார்கள்.

என்னால் போக முடியவில்லை. என் நிரந்தரவாசி அட்டை காலாவதியாகிப் புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம். போகலாம், ஆனால் திரும்ப விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். அவசரம் என்று எழுதிக் கொடுத்தேன். இறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். அது ஊரிலிருந்து வருவதற்குள் பதினாறும் முடிந்துவிட்டது. குடியேற்ற அலுவலகக் கவுண்டரில் இருந்த பெண் நல்லவள்தான். ‘பயணத்தின் நோக்கம்’ என்ற கட்டத்தை நான் காலியாக விட்டிருப்பதைக் காட்டி, நிரப்பச் சொன்னாள். அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது? எங்க அண்ணன் முகத்தைப் பார்க்கணும் என்று தமிழிலேயே எழுதிவிட்டு, பிறகு அடித்துவிட்டு, குடும்ப நிகழ்வு என்று ஆங்கிலத்தில் எழுதினேன்.

மகன் அப்போது எனக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தான். “அத்தை, பொட்டாசியம் ரொம்பக் கூடி ஹார்ட் நின்னுட்டுன்னு சொல்லுதாங்க.” அந்தச் செய்தியைப் படித்துவிட்டு அழுதேன். பொட்டாசியம் என்ற வார்த்தையை ஒரு வருஷம் நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் சொல்லும் ஏதோ ஒன்று என்று விட்டுவிட்டேன்.

6

பவித்ரா வாசித்த மறுநாள், வேலைக்குப் போனதும் கிட்னி நோயாளிகளின் தட்டுச் சீட்டுகளைத் தனியே எடுத்துவைத்துப் பார்த்தேன். மஞ்சள் கோடு போட்ட சீட்டுகள். பல வருஷமாக என் கை வழியாகப் போகிறவை. கழுவி வடித்த டின் பீன்ஸ், ஒரு கரண்டி. கழுவி வடித்த டின் காரட், ஒரு கரண்டி. ஒரு சீட்டிலாவது பயறோ கடலையோ இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. அத்தனை வருஷமும் இருந்ததில்லை. எத்தனை தட்டு அடுக்கியிருப்பேன்! ஏன் இவர்களுக்கு மட்டும் இப்படி என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள், அங்கே யாரையாவது கேட்டிருக்கக் கூடாதா? யார் யாரோ பெற்ற பிள்ளைகளுக்கெல்லாம் சரியான சாப்பாட்டை என் கையால் வைத்துக்கொண்டே, என் அண்ணனுக்கு விஷத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

மேல்மாடியில் உணவு ஆலோசகராக இருக்கும் அம்மாளிடம் போய், யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார். ஒண்ணுக்கில் புரதம் போகிறது என்பதற்காக அதிகமாகப் புரதம் தின்றால் சிறுநீரகத்துக்கு மேலும் சுமைதான். அதோடு கடலையில் இருக்கிற பொட்டாசியத்தை அது வெளியேற்ற முடியாது. இதனால்தான் ஒருவர் இறந்தார் என்று அப்படியே சொல்லிவிட முடியாது, வேறு காரணங்களும் இருந்திருக்கும் என்றார். அந்தக் கடைசி வரியை நான் பிடித்துக்கொள்ளப் பார்த்தேன். பிடி கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பவித்ராவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். மாமாவை அவள் மூன்று முறைதான் பார்த்திருக்கிறாள். என் தமிழில் பாதி அவளுக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் லேப்டாப்பை மூடிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“நான் கட்டுரைல கடைசியா என்ன எழுதினேன் தெரியுமா? எது நல்லதுன்னு கேக்கறதுக்கு முன்னாடி, யார் சாப்பிடறாங்கன்னு கேக்கணும்னு எழுதினேன்.” கொஞ்சம் பொறுத்து, “அத்தைகிட்ட சொல்லப் போறியா?” என்றாள்.

“தெரியல.”

“சொல்லாதம்மா. பாவம். சொன்னா உனக்கு லைட்டாகும். அவங்களுக்கு?”

பத்தொன்பது வயதுப் பிள்ளை சொன்னதைக் கேட்டிருக்கலாம்.

7

வியாழக்கிழமை திதி முடிந்ததும் வீடியோவில் கூப்பிட்டேன். ஹாலில் அண்ணன் படம், மாலை. அதற்கு முன்னால் இலையில் படையல். இட்லி, வடை, வாழைப்பழம். ஓரத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் வறுத்த கொண்டைக்கடலை.

மதினி இளைத்துப்போயிருந்தார். மகன் அன்றைக்கு ராத்திரியே ரயிலேற வேண்டியவன். பேசிக்கொண்டே வந்த மதினி திடீரென்று கேட்டார்.

“இசக்கி, எனக்கு இப்ப சுகர் கூடியிருக்கு. அவுகளுக்குச் சொன்னாப்ல எனக்கும் சொல்லு. நீ ஆஸ்பத்திரியில இருக்கவ. நான் என்ன திங்க?”

என்ன திங்க. அதே கேள்வி. எதையாவது அள்ளிவிடாமல் இருந்தால் போதும் என்று என் நாக்கைக் கடித்துக்கொண்டேன். டாக்டரிடம் கேளுங்கள் என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் அந்தக் கிண்ணம் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது.

“மதினி, நான் நர்சு இல்ல. ஒண்ணுமில்ல. அடுக்களையில டின் ஒடைக்கேன், தட்டு வைக்கேன். அவ்வளவுதான். அன்னைக்கு நான் அண்ணன்ட்ட சொன்னது தப்பு மதினி. கிட்னிக்குக் கடலை ஆவாது. திங்கவே கூடாது. எனக்குத் தெரியாது. தெரியாமத் தெரிஞ்சாப்ல சொல்லிட்டேன்.”

மதினி படையலில் இருந்த கடலைக் கிண்ணத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“டாக்டர் குடுத்த சீட்டுலயும் கடலை கூடாதுன்னுதான் போட்டிருந்தது” என்றார். “பக்கத்து வீட்டுப் பிள்ள வாசிச்சுச் சொல்லிச்சு. நான் அவுகட்ட சொன்னேன். ‘அந்த டாக்டரவிட எந்தங்கச்சிக்குத் தெரியும்’னு சொல்லிட்டாவ. சரி, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நானும்... நாந்தானே இசக்கி வறுத்தேன். தெனமும் நாந்தானே கிண்ணத்துல போட்டுக் குடுத்தேன். வேண்டாம், வயித்தப் பெரட்டுதுன்னு சொன்ன அன்னைக்கும், தங்கச்சி கேப்பா, தின்னுங்கன்னு...”

போன் மல்லாக்க விழுந்தது. கொஞ்ச நேரம் மேற்கூரை மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை.

என் பாரத்தை இறக்கிவைத்துவிட்டேன். இறக்கிவைத்த இடம் மதினியின் தலை. ஒரு வருஷமாகப் புருஷனை மட்டும் இழந்திருந்தவளுக்கு, அந்த ஒரு நிமிஷத்தில் அதைவிடப் பெரிய துக்கம் ஒன்றைக் கொடுத்தேன். வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய நாளில் திறந்தேன். திறக்க வேண்டிய நாளில் மூடிக்கொண்டிருந்தேன். நான் இப்படித்தான்.

8

மூன்று வாரம் பேச்சில்லை. நான் கூப்பிட்டால் மணி அடித்து ஓய்ந்துவிடும். ‘மதினி, மன்னிச்சிருங்க’ என்று அனுப்பியதற்கு இரண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் விழவில்லை. வேலையில் டின் மூடி கையைக் கிழித்து ஒரு நாள் கட்டுப் போட்டுக்கொண்டேன். வீட்டில் பவித்ரா டின்னைத் திறந்து தின்பதை நான் ஒன்றும் சொல்வதில்லை. நான் திட்டாதது அவளுக்குப் பயமாக இருக்கிறது போல. தண்ணீரை வடித்துக் கழுவிவிட்டு, என் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் தின்கிறாள்.

நேற்றுக் காலை பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு போட்டோ வந்தது. சுகர் டாக்டர் மதினிக்குக் கொடுத்த டயட் சீட்டு, ஆங்கிலத்தில். அடுத்த நிமிஷம் போன். இங்கே ஆறரை, அங்கே நாலு.

“பக்கத்து வீட்டுப் பிள்ள காலேஜுக்கு வெளியூர் போயிட்டு. வாசிச்சுச் சொல்ல இங்கன வேற ஆளில்ல” என்றார் மதினி. நலம் விசாரிப்பு எதுவும் இல்லை. “எழுதியிருக்கத மட்டும் சொல்லு. ஒம் மனசுல இருக்கது ஒண்ணும் சேக்காத.”

“சரி மதினி.”

பஸ்ஸை விட்டு இறங்கி, நிறுத்தத்தில் நின்றுகொண்டு வாசித்தேன். ஒரு வரி வாசிப்பேன், தமிழில் சொல்வேன், அவர் ம் என்று சொன்னதும் அடுத்த வரிக்குப் போவேன். சோறு ஒரு சின்னக் கிண்ணம். காய் இரண்டு கிண்ணம். இனிப்பு வேண்டாம். மாம்பழம் ஒரு துண்டுக்கு மேல் வேண்டாம். டின்னில் அடைத்த காயென்றால் வடித்துக் கழுவி எடுக்க வேண்டும் என்றுகூட அதில் அச்சடித்திருந்தது. தென்காசியில் யார் டின் காய் தின்கிறார்கள்? அதையும் விடாமல் வாசித்தேன். வேலைக்கு நேரமாகிவிட்டது. அடுத்த பஸ்ஸும் வந்து போய்விட்டது.

கடைசிப் பகுதி, சாயங்காலப் பலகாரம். முதல் வரியை எனக்குள்ளேயே இரண்டு தடவை வாசித்தேன்.

“என்ன போட்டிருக்கு?” என்றார் மதினி.

“சாயங்காலம்... வறுத்த கொண்டக்கடலை. உப்பில்லாம. ஒரு கைப்பிடி. சுகருக்கு நல்லதுன்னு போட்டிருக்கு மதினி. நான் சேக்கல. அப்படித்தான் போட்டிருக்கு.”

அந்தப் பக்கம் சாரல் விழுகிற சத்தம் கேட்டது. தகரக் கூரையில், விட்டுவிட்டு.

“போட்டிருக்கட்டும்” என்றார். “அது மட்டும் எனக்கு வேண்டாம். அடுத்த வரியச் சொல்லு.”